இந்த இலையுதிர் காலத்தில் வலையில் பறவை பாதிதான். உங்கள் பக்கம் எப்படி?

செப்டம்பர் 6, காலை

கனடாவில் ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் உள்ள ஒரு பேண்டிங் நிலையத்தில், அதாவது பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவிடும் இடத்தில், ஆறாவது வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 5 வரையிலான பதிவேட்டை நேற்று ராத்திரி புரட்டினேன். போன வருடம் இதே பத்து நாளில் ஏழு பக்கம் நிரம்பியிருக்கிறது. இந்த வருடம் நான்கு பக்கம். மக்னோலியா வார்ப்ளர், ரெட்ஸ்டார்ட், ஸ்வெய்ன்சன் திரஷ் என்று எந்தப் பறவையினத்தை எடுத்தாலும் குறைவு.

கிட்டத்தட்டப் பாதி. வடக்கே காடுகளில் இந்தக் கோடையில் குஞ்சுகள் சரியாகப் பிழைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு நிலையங்களுக்குப் போகிறவர்கள், தினமும் நடந்து எண்ணுகிறவர்கள் சொல்லுங்கள், உங்கள் பக்கம் எப்படி?

செப்டம்பர் 6, இரவு

காலையில் எழுதியதைத் திருத்த வேண்டும். பக்கங்களை எண்ணினேனே தவிர, வலை எத்தனை மணி நேரம் விரிந்திருந்தது என்று பார்க்கவில்லை.

எங்களிடம் 14 மிஸ்ட் வலைகள், அதாவது பறவை பிடிக்கும் மெல்லிய நூல் வலைகள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம். சூரியன் உதிக்க அரை மணி முன்னால் விரித்து, ஆறு மணி நேரம் வைத்திருப்போம். ஒரு வலை ஒரு மணி நேரம் விரிந்திருந்தால் ஒரு வலை-மணி. முழு நாளுக்கு 84 வலை-மணி. போன வருடம் அந்தப் பத்து நாளும் வானம் தெளிவாக இருந்தது, மொத்தம் 840. இந்த வருடம் இரண்டு நாள் மழையால் விரிக்கவே இல்லை. இன்னொரு நாள் காற்று எழுந்து மூன்று மணி நேரத்தில் சுருட்டிவிட்டோம். மொத்தம் 630.

ஆக, முக்கால் பங்கு நேரத்தில் நான்கு பக்கம். முழு நேரமும் விரித்திருந்தால் சுமார் ஐந்தேகால் பக்கம் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழுக்கு ஐந்தேகால். பாதி என்று எழுதியது தவறு, கால்வாசிக் குறைவு என்பதே சரி. தலைப்பை அப்படியே விட்டுவைக்கிறேன், இல்லாவிட்டால் கீழே வரும் பதில்கள் புரியாமல் போகும்.

செப்டம்பர் 8

'பாவம், வலையில் மாட்டிச் சாகாதா?' என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இந்தக் கேள்வி எனக்கு முதல் வருடம் முழுக்க இருந்தது. நேராகவே சொல்கிறேன்.

சில சாகும். 2012இல் அமெரிக்கா, கனடாவில் இயங்கும் 22 அமைப்புகளின் பதிவுகளைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிடிப்புகள். காயம்பட்டவை 0.59 சதவீதம், இறந்தவை 0.23 சதவீதம். ஆயிரத்துக்கு இரண்டு. சிறிய எண்தான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று உங்கள் கையில் இருக்கும்போது அது சிறிய எண்ணாகத் தெரியாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்த எண்ணைக் கீழே வைத்திருப்பது நடைதான். அரை மணிக்கு ஒருமுறை 14 வலைகளையும் சுற்றி வர வேண்டும். மழைத் துளி விழுந்தால் உடனே மூட வேண்டும். நனைந்த பறவை கொஞ்ச நேரத்திலேயே குளிர்ந்துவிடும். வலை நூல் தலைமுடியை விட மெல்லியதாகத் தோன்றும். பறவை மோதி, வலையின் தொங்கல் பைக்குள் விழுந்து கிடக்கும். எடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பக்கமிருந்து உள்ளே போனது என்பது. அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கால்களை முதலில் விடுவித்து, பிறகு இறக்கை, கடைசியில் தலை. தெரியாமல் இழுத்தால் ஒரு முடிச்சு மூன்று முடிச்சாகும்.

மிக மோசமாகச் சிக்குவது சிக்கடி என்ற சின்னப் பறவை. பதினோரு கிராம்தான் இருக்கும், ஆனால் சும்மா கிடக்காது. நூலைப் பிடித்துக்கொண்டு சுற்றும், விரலைக் கொத்தும், கால் நகத்தால் பக்கத்து நூலையும் இழுத்துக் கட்டிக்கொள்ளும். முதல் வருடம் ஒரு சிக்கடியோடு பத்து நிமிடம் போராடிக்கொண்டிருந்தேன். எங்கள் பொறுப்பாளர் அம்மா நடந்து வந்தார், எதுவும் சொல்லாமல் சிறு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நூலை வெட்டினார், பறவை கைக்கு வந்துவிட்டது. வலையை மாலையில் தைத்துக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்து கத்தரிக்கோல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த வலையை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கட்டிவிட முடியாது. அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குமுன் பயிற்சி வேண்டும். தோட்டத்தில் கட்டிப் பார்க்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்ட நண்பருக்கு: வேண்டாம்.

செப்டம்பர் 9

மேலே அரை மணி என்று எழுதினேன். அது குளிர்ந்த காலைக்கு. வெயில் ஏறினால் இருபது நிமிடம், அதற்கும் மேல் சூடானால் மூடிவிட வேண்டியதுதான்.

செப்டம்பர் 12

நேற்று முன்தினம் குளிர்க்காற்று முகப்பு கடந்தது. ராத்திரி வாசலில் நின்றேன். வடக்கிலிருந்து மெல்லிய காற்று. தலைக்கு மேல் இருட்டில் ஸ்வெய்ன்சன் திரஷின் 'பீப்' ஒலி விட்டுவிட்டுக் கேட்டது, சின்னத் தவளை ஒன்று வானத்திலிருந்து கூப்பிடுவதைப் போல. இந்தச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் பறக்கின்றன. காற்று பின்னாலிருந்து தள்ளும் ராத்திரிக்காகக் காத்திருந்து ஒன்றாகக் கிளம்புகின்றன. விடியும்போது கீழே தண்ணீர் தெரிந்தால் முதல் கரையில் இறங்குகின்றன. எங்கள் நிலையம் அந்தக் கரையில் இருக்கிறது, அதனால்தான் இங்கே நிலையம் இருக்கிறது.

நேற்றுக் காலை முதல் சுற்றிலேயே ஐந்து வலைகளில் இடமில்லாத அளவுக்குப் பறவைகள். துணிப்பைகளில் போட்டுக் கொக்கிகளில் தொங்கவிட்டோம். கொக்கிகள் தீர்ந்தன. பறவை எடுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். இரண்டாம் சுற்றுக்கு முன்பே பொறுப்பாளர் எட்டு வலைகளை மூடச் சொன்னார்.

வருடத்தின் மிகச் சிறந்த காலை, அதில் பாதிக்கு மேல் வலைகள் மூடியிருந்தன. இது என் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து குழப்புகிறது. பறவை நிறைய வரும் நாளில் நம் கைகள் எத்தனை என்பதுதான் எல்லை. குறைவாக வரும் நாளில் அந்த எல்லை தொடப்படுவதே இல்லை. வலை-மணியால் வகுத்தால் ஓரளவு சரியாகும், ஆனால் நாங்கள் மூடியது எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் பத்து மணி வெயிலும் ஒன்றல்ல. போன வருடம் அப்படி எத்தனை நாள் மூடினார்கள் என்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 13

'பிடித்தபின் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள், வளையம் மாட்டி விட்டுவிட வேண்டியதுதானே' என்ற கேள்விக்கு.

நேற்று வந்த ஒரு பிளாக்போல் வார்ப்ளரை வைத்தே சொல்கிறேன். இலையுதிர் காலத்தில் அதுவும் பே-பிரெஸ்டட் வார்ப்ளரும் ஒரே மாதிரி மங்கிய பச்சையாக இருக்கும். காலைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கால் மஞ்சள். பிளாக்போல்தான். பேண்டர் பிடி என்பார்கள்: கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், முதுகு உள்ளங்கையில். இறுக்கக் கூடாது, பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்சு அசைய முடிந்தால்தான் மூச்சு.

பிளையரில் வளையத்தை வைத்து மூடி, விளிம்புகள் ஒட்டியிருக்கிறதா, காலில் தாராளமாகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இறக்கை நீளம். அப்புறம் தலை இறகுகளைத் தண்ணீரால் ஒதுக்கி மண்டையோடு. இந்த வருடம் பொரித்த குஞ்சென்றால் மண்டையோட்டின் ஒரு பகுதி இன்னும் ஒற்றை அடுக்காக இருக்கும், தோல் வழியாக இளஞ்சிவப்பாகத் தெரியும். முதிர்ந்ததென்றால் வெளிர்நிறத்தில் பொடிப் புள்ளிகள். அந்த ஒரு நொடிப் பார்வையில்தான் 'இந்தக் கோடையில் பிறந்தது' என்று எழுத முடிகிறது.

கடைசியாகக் கொழுப்பு. ஒரு குழாயால் மார்பு இறகுகள் மேல் ஊதினால் அவை இரண்டாகப் பிரியும். தோல் ஈர வெங்காயத் தோலைப் போல மெல்லியது. கழுத்தெலும்புக் குழியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். காலியாக இருந்தால் 0, குழி நிரம்பி வழிந்து வயிற்றுக் கொழுப்போடு சேர்ந்துவிட்டால் 6, 7. நேற்று வந்தது 1. குழியின் அடியில் ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். 12.4 கிராம். சன்னல் வழியாக விட்டோம், அருகில் இருந்த செடியில் உட்கார்ந்து உடனே பூச்சி தேடத் தொடங்கியது.

செப்டம்பர் 16

அதே பிளாக்போல் இன்று மறுபடியும் வந்தது! வளைய எண்ணின் ஒன்பது இலக்கமும் பொருந்தின. 14.6 கிராம். கொழுப்பு 3. நான்கு நாளில் இரண்டு கிராமுக்கு மேல். அதன் உடலில் ஆறில் ஒரு பங்கு.

இது எதற்காகத் தின்கிறது என்று தெரிந்தால் நீங்களும் என்னைப் போலத் தராசையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 2013இல் வெர்மான்ட்டிலும் நோவா ஸ்கோஷியாவிலும் சில பிளாக்போல்களின் முதுகில் மிகச் சிறிய ஒளி அளவிகளைக் கட்டி அனுப்பினார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தவற்றைப் பிடித்துப் படித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை விட்டுக் கிளம்பிய பறவைகள் அட்லாண்டிக் மேல் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை, இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறந்து, போர்ட்டோ ரிக்கோ பக்கத்துத் தீவுகளில் இறங்கியிருக்கின்றன. அங்கிருந்து தென் அமெரிக்கா. கிளம்பும்போது அவற்றின் எடை வழக்கமானதைப் போல இரண்டு மடங்கை நெருங்கும்.

வெறும் கண்ணால் பார்த்திருந்தால் 12ஆம் தேதி ஒரு பிளாக்போல், 16ஆம் தேதி ஒரு பிளாக்போல் என்று எழுதியிருப்போம். எண்ணுவதற்குக் கண் போதுமே என்று கேட்டவருக்கு என் பதில் இந்த ஒரு பறவைதான். எண்ணிக்கை மட்டும் தேவையென்றால் கண் போதும். ஒரு பறவை இந்தக் கரையில் எத்தனை நாள் தங்குகிறது, இங்கே அதற்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதற்கு வளையம் வேண்டும்.

செப்டம்பர் 20

என் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது.

இன்று 9ஆம் வலைக்குப் போனபோது ஒரு ரெட்ஸ்டார்ட் நேராக வலையை நோக்கி வந்தது. மோதும் என்று நினைத்தேன். வலையின் மேல் நூலுக்கு ஒரு முழம் மேலே, செடி உச்சியிலிருந்து செடி உச்சிக்குத் தாவிப் போய்விட்டது. நான் அங்கேயே கால் மணி நேரம் நின்றேன். ஐந்து பறவைகள் அதே உயரத்தில் கடந்தன. ஒன்று வலையில் விழுந்தது.

நான் சேர்ந்த வருடம் அந்த டாக்வுட் செடிகள் என் தோள் உயரம். இப்போது கை தூக்கினாலும் எட்டவில்லை. வலை அதே 2.6 மீட்டர்தான். செடி வளர, பறவைகளும் செடியோடு மேலே ஏறிவிட்டன. முன்பு நிலையத்தின் மிகச் சிறந்த வலை இந்த 9தான்.

வீட்டுக்கு வந்து வலை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வெட்டிப் பராமரிக்கப்படும் பாதையோரம் உள்ள வலைகளில் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைவு பெரும்பாலும் 8, 9, 10, 11இல். அதாவது காட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று எழுதினேனே, நடந்தது எங்கள் செடிகளுக்கு.

செப்டம்பர் 21

மேலே எழுதியதை எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதற்காகத்தானே தினமும் அந்த நடை என்றார். ஒவ்வொரு நாளும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் ஒருவர் நடந்து கண்ணால் காதால் எண்ணுகிறார். வலையில் கிடைத்தது, நடையில் எண்ணியது, மற்றவர்கள் தற்செயலாகப் பார்த்தது, மூன்றையும் வைத்துச் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு இனத்துக்கும் அன்றைய மதிப்பீட்டை எழுதுகிறோம். கனடாவில் இப்படி வலசையைக் கண்காணிக்கும் நிலையங்கள் ஒரு வலையமைப்பாகச் செய்கிற வேலை இது. வலை ஏமாற்றினால் நடை காட்டிக்கொடுக்கும், நடப்பவர் மாறினால் வலை காட்டிக்கொடுக்கும்.

ஆறு வருடமாக அந்த மதிப்பீட்டுத் தாளை நானும்தான் நிரப்புகிறேன். வலைக் கணக்கை மட்டும் எடுத்து ஏன் பேசினேன் என்றால், பறவை கைக்கு வருவது வலையில்தான். கையில் வந்ததை எண்ணுவது சுலபம்.

செப்டம்பர் 24

இன்றைய தேதிக்காக ஒரு குறிப்பு. 1905 செப்டம்பர் 24 அன்று டொராண்டோவில் ஜேம்ஸ் ஹென்றி ஃப்ளெமிங் ஒரு அமெரிக்க ராபினுக்கு வளையம் மாட்டினார். கனடாவில் பதிவான முதல் வளையம் அது. அதற்கு ஆறு வருடம் முன்பு, 1899இல், டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் எண் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். நாம் இன்று செய்யும் முறையின் தொடக்கம் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜாக் மைனர் கதை. ஈரி ஏரிப் பக்கம் கிங்ஸ்வில்லில் 1909 ஆகஸ்டில் ஒரு வாத்துக்குத் தன் முகவரியைப் பொறித்த வளையத்தை மாட்டினார். 1910 ஜனவரியில் தென் கரோலினாவின் ஆண்டர்சனில் ஒருவர் அதைச் சுட்டு, வளையத்தைப் பார்த்து, எழுதிப் போட்டார். ஒரு பறவை எங்கே கிளம்பியது, எங்கே முடிந்தது, இரண்டும் தெரிந்துவிட்டன.

அதற்கும் முன்னால் பறவை ஓவியர் ஆடுபான் இருக்கிறார். 1804இல் பென்சில்வேனியாவில் ஃபீபி என்ற சிறு பறவையின் குஞ்சுகளின் காலில் வெள்ளி நூல் கட்டினார், அடுத்த வசந்தத்தில் அவற்றில் இரண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. அமெரிக்காவில் முதல் வளையம் அதுதான்.

செப்டம்பர் 25

ஆடுபான் பற்றி நேற்று எழுதியதை நம்பாதீர்கள். ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. 1805 வசந்தத்தில், அந்த ஃபீபிகள் திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில், ஆடுபான் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். அந்தக் கதை அவர் பல வருடம் கழித்து எழுதியது. நான் நேற்று அதை உறுதியான செய்தியாக எழுதியிருக்கக் கூடாது.

மைனரின் வாத்துக்கு ஒரு தேதி, ஓர் ஊர், ஒரு வளையம் இருக்கிறது. ஆடுபானின் வெள்ளி நூலுக்கு அவர் வார்த்தை மட்டும்தான்.

செப்டம்பர் 28

வளைய எண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சம்பவம். மூன்று வருடம் முன்பு ஒரு வெண்தொண்டைச் சிட்டு வளையத்தோடு வந்தது. எண்ணைப் படித்தேன். பதிவேட்டில் அந்த எண் ஒரு ஹெர்மிட் திரஷுக்கு மாட்டியதாக இருந்தது. பறவை இனம் மாறாது. ஒன்று, மாட்டிய அன்று யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது இன்று நான் தவறாகப் படிக்கிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எண் சரிதான். பழைய பதிவேட்டைத் தேடினோம். கையெழுத்து என்னுடையது. 3ஐ 8 என்று எழுதியிருந்தேன்.

அந்தப் பறவை காலில் சரியான எண்ணோடு பறந்துகொண்டிருந்தது, அதன் வாழ்க்கை காகிதத்தில் வேறொரு பறவையின் பெயரில் இருந்தது. அது எங்கள் வலைக்கே திரும்பி வராமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சின்னப் பறவைகளில் வளையமிட்ட இடத்தை விட்டு வேறெங்காவது மறுபடி அகப்படுபவை நூற்றுக்கு ஒன்று கூடத் தேறாது. அந்த ஒன்றும் என் கையெழுத்தால் வீணாகப் போயிருக்கும்.

இப்போது படிப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பறவையை விடும் முன் இன்னொருமுறை. அவசரமான காலையிலும் இதை விடுவதில்லை.

அக்டோபர் 2

வளையம் போட்ட பறவையைச் செத்துக் கிடக்கக் கண்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: எண்ணை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள், தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். கனடா, அமெரிக்கா இரண்டுக்கும் ஒரே இணையதளத்தில் தெரிவிக்கலாம். அந்தப் பறவை எங்கே எப்போது வளையமிடப்பட்டது என்று உங்களுக்கும் பதில் வரும்.

கண்ணாடிக் கட்டடத்தின் கீழே கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். டொராண்டோவில் 1993 முதல் ஃப்ளாப் அமைப்பின் தன்னார்வலர்கள் விடியற்காலையில் கட்டடங்களைச் சுற்றி இப்படி விழுந்தவற்றைப் பொறுக்குகிறார்கள். உயிரோடு இருப்பவற்றைக் காப்பாற்றுகிறார்கள். நீங்கள் கண்டது தனிச் சம்பவம் இல்லை. அந்தக் கட்டடத்தின் விளக்குகளை ராத்திரி அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் மட்டுமாவது.

அக்டோபர் 9

வார்ப்ளர்கள் போய்விட்டன. கிங்லெட் காலம். ஐந்து ஆறு கிராம். ஒரே தொங்கல் பையில் நான்கு. இன்று விரல்கள் குளிரில் மரத்துப் போய்விட்டன, கையுறை போட்டால் நூல் தெரியாது.

அக்டோபர் 15

ஆந்தை ராத்திரி. சா-வெட் ஆந்தை பிடிக்கத் தனி வலை, அதன் வலைக்கண்கள் பெரியவை. பொழுது சாய்ந்து அரை மணி கழித்து விரித்து, ஆணின் கூவலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போனோம். முழு நிலவில் குறைவாகத்தான் வரும்.

மூன்று வந்தன. இரண்டு கைக்குள் அடங்கும் ஆந்தை. விழிகள் முழுக்க மஞ்சள். இறக்கையை விரித்து அதன் அடியில் புற ஊதா விளக்கைக் காட்டினால் புதிய இறகுகள் ரோஜா நிறத்தில் ஒளிரும். இறகில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி காரணம். அது வெளிச்சத்தில் மெல்லச் சிதையும், அதனால் பழைய இறகுகள் மங்கலாகத் தெரியும். எல்லா இறகும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் இந்த வருடக் குஞ்சு. திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால் மூத்தது. மூன்றில் இரண்டு முழுக்க ரோஜா.

விடும் முன் விளக்குகளை அணைத்துவிட்டு ஆந்தையை முன்கையில் நிறுத்தி வைப்போம், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று. கடைசி ஆந்தை என் கையில் நான்கு நிமிடம் நின்றது. நகம் சட்டைக்குள் இறங்கியிருந்தது. போகும்போது சத்தமே வரவில்லை, கையின் எடை குறைந்ததை வைத்துத்தான் போய்விட்டது என்று தெரிந்தது.

அக்டோபர் 22

இன்று ஆறு மணி நேரம், 14 வலை, 84 வலை-மணி. பறவை எதுவும் விழவில்லை. இரண்டு நாளாகத் தெற்கிலிருந்து காற்று. எதிர்க்காற்றில் எதுவும் கிளம்பவில்லை, இங்கே தங்கியிருந்தவையும் போன வடக்குக் காற்றில் போய்விட்டன.

புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி பதிவேட்டை மூடி வைத்துவிட்டாள். எழுத ஒன்றும் இல்லையே அக்கா என்றாள். இருக்கிறதம்மா என்று திறந்து கொடுத்தேன். தேதி, விரித்த நேரம், மூடிய நேரம், காற்றின் திசை, மேக அளவு, வலைகளின் எண்ணிக்கை, பறவை 0. அந்த வரியை அவளையே எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 6 காலையில் நான் செய்த தவறின் வேர் இதுதான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. நான் பக்கங்களை எண்ணினேன். இன்றைய நாள் பக்கத்தில் ஒரு வரி. எழுதாமல் விட்டால் அது நாங்கள் வராத நாளாகிவிடும். மழையால் விரிக்காத நாளும், விரித்து எதுவும் வராத நாளும் பதிவேட்டில் ஒரே வெள்ளைக் காகிதமாக இருந்தால், பத்து வருடம் கழித்து யாரோ அதை எடுத்துப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நவம்பர் 8

வலைகளைச் சுருட்டிவிட்டோம். தலைப்புக்கு இப்போது பதில் சொல்லலாம்.

முழுப் பருவத்தையும் வலை-மணிக்கு வகுத்தால் போன வருடத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. செடி உயர்ந்துபோன நான்கு வலைகளை எடுத்துவிட்டால் அந்தக் குறைவும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நடைக் கணக்கும் அதையே சொல்கிறது. எங்கள் பத்து வருட வரைபடத்தைப் பொறுப்பாளர் விரித்துக் காட்டினார். போன வருடம்தான் பத்திலும் உச்சம். டென்னசி வார்ப்ளர், கேப் மே வார்ப்ளர் இரண்டும் அந்த வருடம் கொட்டிக் கிடந்தன. அவை ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழுவைத் தின்று வளர்பவை, வடக்கே புழு பெருகினால் குஞ்சுகளும் பெருகும். உச்சத்தை வழக்கம் என்று நினைத்து இந்த வருடத்தை அதோடு ஒப்பிட்டிருக்கிறேன். ஆகவே இந்த வருடம் பறவை பாதி என்ற என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் பறவைகள் குறைகின்றன என்பதே பொய்யா' என்று யாரும் கேட்க வேண்டாம். 2019இல் வெளியான ஆய்வின்படி 1970லிருந்து வட அமெரிக்கா கிட்டத்தட்ட 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது. அது ஐம்பது வருடக் கணக்கு, பல முறைகளில் எண்ணியது. நான் செய்தது பத்து நாள் கணக்கு.

நவம்பர் 9

ஒன்றை மட்டும் திரும்பப் பெறவில்லை. பிளாக்போல். அதே பத்து வருட வரைபடத்தில், செடி உயர்ந்த வலைகளை எடுத்துவிட்டுப் பார்த்தாலும், நடைக் கணக்கைத் தனியாகப் பார்த்தாலும், அதன் கோடு இறங்குகிறது. கண்டம் முழுக்க வேகமாகக் குறையும் பறவைகளில் அதுவும் ஒன்று என்பது மற்ற கணக்கெடுப்புகளிலும் தெரிந்ததுதான். இந்த வருடம் நான் கையில் எடுத்தவை எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். செப்டம்பர் 16ஆம் தேதி 14.6 கிராமாக இருந்த அந்தப் பறவை அப்புறம் வரவில்லை. 18ஆம் தேதி ராத்திரி வடக்குக் காற்று இருந்தது.

டாக்வுட் செடிகளை அடுத்த ஆகஸ்டுக்கு முன் மார்பளவுக்கு வெட்டுவதாக முடிவு. வெட்டும் தேதியையும், வெட்டும் முன்பும் பின்பும் உள்ள உயரத்தையும் எழுதப் புதிய பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஐந்து வரி விட்டிருக்கிறோம்.